ஒரு வாளி பாலிமர்

...மூணு மணி நேரம்மா! மூணு மணி நேரம்! பெஞ்சா அது? நடுப்பலகையக் காணோம். முன்னால நவுந்தா விழுவுறேன், பின்னால நவுந்தா மாட்டிக்கிறேன். ஃபேன் சுத்துது, இல்லேங்கல. ஆனா அது சுத்துறது அங்க அடுக்கி வச்சிருக்கிற பைலுக்கு. மனுஷருக்கு ஒரு காத்து வரணுமே! கொஞ்சம் நவுந்துக்குங்கம்மா... ஆங், போதும் போதும். கும்மோணமா போறீங்க? சாப்ட்டீங்களா? நான் சாப்டல. எரநூறு புள்ளைக்கு ஒல வைக்கிறவ, காலையிலேருந்து ஒத்தப் பன்னு தின்னுட்டு உக்காந்திருக்கேன். சிரிப்பு வேற வருது. பசியில சிரிப்பு வருமா? எனக்கு வருதும்மா, ஆபீஸ விட்டு வெளிய வந்ததுலேருந்து நிக்க மாட்டேங்குது.

எல்லாம் இந்தப் பாலிமரால வந்தது! பாலிமர். இல்லல்ல, நீங்க நெனைக்கிற டிவி இல்ல. நானும் மொதல்ல டிவின்னுதான் நெனச்சேன். டீச்சர் வந்து "வேம்பக்கா, நாளைக்குப் பாலிமர் நடத்தப்போறேன்"னுச்சு. "நடத்துங்க டீச்சர், நம்ம ஊரு நியூஸ் எதாவது வருமா?"ன்னு கேட்டேன். அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே...

நான் யாருன்னே சொல்லல பாருங்க. வேம்பு. ஹைஸ்கூல்ல சத்துணவு சமையல். இருவத்திரெண்டு வருஷமா அதே அடுப்பு, அதே அண்டா, ஆட்சிதான் மாறி மாறி வந்துச்சு. முட்டை ஒரு ஆட்சி, கலவை சாதம் ஒரு ஆட்சி. அத விடுங்க. இந்த டீச்சர், ஷம்சாத்து டீச்சர், அது கூத்தாநல்லூர்ப் புள்ள. முப்பது வயசு இருக்கும். ஊட்டுக்காரரு துபாயில. வா வான்னுதான் கூப்புடுறாராம். இதுதான் போவல, அறிவியல் நடத்தணுமாம். அதுக்கு எங்க ஸ்கூல்தானா கெடைக்கணும், என் அடுப்புக்கு நேரா?

இது வர்றதுக்கு முன்னாடி அறிவியல்னா எனக்கு நல்லாத் தெரியும்மா. புள்ளைங்க குனிஞ்சு புஸ்தகத்தப் பாத்து எழுதும், மணி அடிக்கும், தட்டெடுத்துக்கிட்டு ஓடியாரும். சத்தமே இருக்காது. இது வந்துச்சு... ஒம்பதாம் வகுப்பு அறுவது உருப்படிய அப்படியே மைதானத்துல எறக்கிவுட்டுட்டு, "நீங்க எல்லாரும் தனித்தனி மூலக்கூறு, இஷ்டத்துக்கு ஓடுங்க"ன்னுச்சு. இஷ்டத்துக்கு ஓடுங்கன்னு எங்க ஊருப் புள்ளைங்ககிட்ட சொல்லலாமா? நான் பாட்டுக்கு சாம்பார் வாளியத் தூக்கிக்கிட்டு ஓரமாப் போறேன். "வேம்பக்கா, இவங்க நடுவுல நடந்து வாங்க." நடந்தேன். ஒண்ணும் ஆவல, தண்ணியில நடந்த மாதிரி வந்துட்டேன். "இப்ப எல்லாரும் வரிசையாக் கையக் கோத்துக்குங்க. அக்கா, திரும்ப வாங்க." வளைஞ்சு நெளிஞ்சு வந்துட்டேன். "இப்ப அங்கங்க ஒருத்தர் பக்கத்து வரிசை ஆளு சட்டையப் புடிங்க. அக்கா, இன்னொரு தடவ..." மாட்டிக்கிட்டேன்மா! சாம்பார் வாளியோட நட்ட நடுவுல! அந்தாண்டயும் போவ முடியல, இந்தாண்டயும் வர முடியல, அறுவதும் புடிச்ச புடிய வுட மாட்டேங்குது. "பாத்தீங்களா, தனித்தனியா இருந்தா ஓடும். சங்கிலியா சேந்தா இழுபடும். சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சு விழுந்தா கெட்டியாயிரும். ரப்பர், நைலான், நம்ம தலமுடி, அரிசி மாவுச்சத்து எல்லாம் இப்படித்தான்"னு பாடம் நடக்குது. நான் "அம்மா தாயி, கொழம்பு ஆறுது, முடிச்ச அவுத்து வுடச் சொல்லு"ங்கிறேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்குப் புரிஞ்சது புரிஞ்சதுதான். இப்ப நடு ராத்திரியில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், பாலிமர்னா என்னன்னு.

அதோட வுட்டுச்சா? ஹெட்மாஸ்டர் சாரங்கபாணி சாருக்கு டீ போட வச்சிருந்த பாலு, அதச் சுட வச்சு வெனிகர ஊத்திருச்சு. திரிஞ்சு போவுமா போவாதா? திரியணும்னுதான் ஊத்துனதாம். வடிகட்டிப் புழிஞ்சு, புள்ளைங்க அதுல சட்டைப் பொத்தானும், யானையும், பிள்ளையாரும் பண்ணுதுங்க. ரெண்டு நாளு காஞ்சதும் கல்லு மாதிரி, தட்டுனா டொக் டொக்குங்குது. ஹெட்மாஸ்டர் அன்னைக்கு வரட்டீயக் குடிச்சுட்டு, பிள்ளையாரக் கையில வச்சு உருட்டி உருட்டிப் பாத்துக்கிட்டே இருந்தாரு. திட்டணும்னுதான் கூப்புட்டாரு. மறந்துட்டாரு.

அப்பறம் என் கஞ்சி. வடிகஞ்சி எங்க பசுமாட்டுக்குப் போறது. "ரெண்டு கிண்ணம் குடுங்கக்கா"ன்னு வந்து நின்னுச்சு. கெட்டிக் கஞ்சியா எடுத்து, வெனிகரு, கிளிசரின் ரெண்டு சொட்டு வுட்டுக் கிண்டு கிண்டுன்னு கிண்டி, எவர்சில்வர் தட்டுல தடவி வெயில்ல வச்சுச்சு. மறுநாள் உரிச்சா... கண்ணாடித் தாளும்மா! அந்தப் பக்கம் இருக்கிற தென்னமரம் தெரியுது! நான் அன்னைக்கு மாட்ட மறந்துட்டேன். அடுத்த நாளும் மறந்துட்டேன். ஊட்டுல நானே கிண்டிப் பாத்தேன்னா பாருங்களேன். எங்க ஊட்டுக்காரரு ரெத்தினம், "என்னாடி, சோறு வடிக்கச் சொன்னா ஜன்னலுக்குக் கண்ணாடி செய்யுற?"ன்னாரு.

என்ன, டிக்கெட்டா? எடுத்தாச்சு கண்டக்டரு, முன்னால கேளுங்க.

எங்க வுட்டேன்? ஆங், கண்ணாடித் தாளு. அதுக்கப்பறம் கொழகொழா. அதுதான் வில்லங்கம். வெள்ளைப் பசையில நாட்டுமருந்துக் கடை வெங்காரத்தக் கரைச்சு ஊத்துனா, கையில அள்ளுனா வழியுது, புடிச்சு வெடுக்குன்னு இழுத்தா அறுந்து போவுது, உருட்டிப் போட்டா துள்ளுது. கெரகம் மாதிரி ஒரு வஸ்து. குடவாசல்ல காதர் மைதீன் பாய் கடையில இருந்த பசை பூரா தீந்துபோச்சு. "என்னம்மா, ஒங்க ஊருல எல்லாரும் ஆசாரி வேலையில எறங்கிட்டீங்களா?"ன்னு பாய் கேக்குறாரு. அதே நாளு, கைப்புள்ளைக்குக் கட்டுற டயபர் இருக்கே, அத டீச்சர் நடுவுல உக்காந்து கிழிக்குது, சுத்தி அறுவது புள்ளைங்களும் கிழிக்குதுங்க. ஹெட்மாஸ்டர் வாசப்படி வரைக்கும் வந்தாரு. பாத்தாரு. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. அந்த டயபர் பஞ்சுக்குள்ள ஒரு பொடி இருக்கும்மா, தண்ணிய ஊத்துனா உப்பி உப்பிப் பனிக்கட்டி மாதிரி ஆயிருது. டம்ளரக் கவுத்தாக்கூடக் கொட்டல!

சாயங்காலம் பாத்தா மிச்சம் மீதி ஒரு வாளி நெறைய. டீச்சர் பஸ்ஸுக்கு ஓடுறப்ப சொல்லிட்டுத்தான் ஓடுச்சு, "வேம்பக்கா, இத வாய்க்கால்ல மட்டும் கொட்டிராதீங்க. காய வச்சுக் குப்பையில போட்டுக்கலாம்"னு. நல்லாத் தெளிவாத்தான் சொல்லுச்சு. வாளி என் அடுப்படிக்குப் பின்னால இருந்துச்சு. அதுல ஏற்கெனவே அண்டாவச் சொரண்டுன கரி, அப்பளம் பொரிச்ச கசடு எண்ணெய் எல்லாம் கெடந்ததா... எல்லாம் கலந்து கருகருன்னு, மினுமினுன்னு ஆயிப்போச்சு. மறுநா காலையில பாத்தா வாளி காலி. எதோ ஒரு அறிவுகெட்ட ஜென்மம் வாய்க்கால்ல கொட்டிருச்சு. ஏம்மா அப்படிப் பாக்குறீங்க? இருங்க, சொல்றேன்.

இங்கதான் ஒங்களுக்கு எங்க ஊரு வெவகாரம் தெரியணும். ஒரு குழாய்க் கம்பெனிக்காரன், எண்ணெய் கொண்டுபோற குழா பதிக்கிறேன்னு வந்து எங்க வயல்ல எல்லாம் செவப்புப் பெயின்ட்டு அடிச்ச கல்லு நட்டுட்டுப் போயிட்டான். பதினோரு வயலு. சம்பா நட்டு நாத்து பச்ச புடிக்கிற நேரம். ஊரு எல்லையில சோதனைக்குன்னு ஒரு குழி வேற தோண்டி மூடியிருந்தான். எங்களுது மூணு மா, ஒரு ஏக்கரு. எங்க மாமனாரு பண்ணையில கெடந்து, குத்தகைக்குப் போராடி, கேஸு நடத்தி, பட்டா கைக்கு வந்த மூணாம் மாசம் கண்ண மூடுனாரு. அந்த மூணு மாவுக்கு நடு நெஞ்சுல கல்லும்மா. மனு குடுத்தோம். தாசில்தார் ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது மனுவும் வாங்கி வச்சுக்கிட்டாங்க. வாங்கி வச்சுக்கிறதுல ஒரு கொறையும் வைக்கல.

அந்த நேரம் பாத்து வாய்க்கால்ல கருப்பா, கொழகொழன்னு, எண்ணெய்ப் படலத்தோட ஒண்ணு மெதந்து வந்து மதகுல அடைச்சு நிக்குது. எப்படி இருக்கும்? "எண்ணெ! எண்ணெ வந்துருச்சு!"ன்னு ஒரு கூச்சல். வெவசாயிங்க சங்கத்து மருதையன் அண்ணன் பல்லுல குச்சியோட ஓடியாந்தாரு. கையில அள்ளுனாரு, இழுத்தாரு, அது ஒரு முழம் நீண்டு வந்துச்சு. "சோதனைக் குழியிலேருந்து கசியுதுடா!"ன்னாரு. அவ்வளவுதான். அரை மணி நேரத்துல ஊரே ரோட்டுல உக்காந்துருச்சு. எனக்கு வெவரம் தெரிஞ்சு ரெண்டு கட்சிக் கொடியும் பக்கத்துல பக்கத்துல நின்னது அன்னைக்குத்தான். பஸ்ஸு நின்னுச்சு, போலீஸ் வந்துச்சு, தாசில்தார் ஜீப்பு வந்துச்சு, டிவிக்காரங்க வந்தாங்க. மருதையன் அண்ணன் அந்தச் சனியன ஒரு பாட்டில்ல அடைச்சுக் கேமராவுக்கு முன்னால ஆட்டிக்கிட்டு, "எங்க தண்ணியப் பாருங்க, எங்க தலவிதியப் பாருங்க"ன்னு பேசுறாரு. எனக்கே அழுவ வந்துருச்சும்மா, எனக்கே! அந்தப் பாட்டிலுக்குள்ள என்னா இருக்குன்னு...

சரி. நின்ன பஸ்ஸுலேருந்து ஷம்சாத்து டீச்சர் எறங்கி, சாப்பாட்டுப் பையோட கூட்டத்துக்குள்ள வருது. பாட்டிலப் பாத்துச்சு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் எதுத்தாப்புல நிக்கிறேன், என்னால அது கண்ணப் பாக்க முடியல. அது பேசாம ஸ்கூலுக்குப் போயிருக்கலாம் இல்லம்மா? யாரு கேக்கப்போறா? நேராப் போயி, "சார், இது எண்ணெ இல்ல. எங்க ஸ்கூல்ல பாடத்துக்குச் செஞ்ச பசை"ன்னு சொல்லிருச்சு.

ஊரு கொதிச்சுப்போச்சு. "கம்பெனிக்காரன் ஆளு வச்சிருக்கான்"னு ஒருத்தன். "வெளியூர்க்காரிக்கு எங்க வயித்தெரிச்சல் என்னா தெரியும்"னு ஒருத்தி. அதுவும் யாரு, அவ மவளப் பாஸாக்கி வுட்டதே இந்த டீச்சருதான்! டீச்சருக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ஆனா கொரலு கலங்கல. "ஆமினா, லேபுல மிச்சம் இருக்கிற பசையும் வெங்காரமும் எடுத்துட்டு வாம்மா. வேம்பக்கா, ஒங்க கரிய கொஞ்சம் குடுங்க"ன்னுச்சு. ஆமினான்னு ஒம்பதாவதுல ஒரு பொண்ணு, வரப்புல வுழுந்தடிச்சு ஓடிக் கொண்டாந்துச்சு. நடு ரோட்டுல, தாசில்தார் ஜீப்பு மூக்கு மேல கிண்ணத்த வச்சு, டீச்சர் கலக்குது. ஊத்துச்சு, கிண்டுச்சு, கையில அள்ளித் தூக்குச்சு. கருகருன்னு ஒரு முழம்! மருதையன் அண்ணன் பாட்டிலையும் பாக்குறாரு, இதையும் பாக்குறாரு. வாயிலேருந்து குச்சி கீழ வுழுந்துருச்சு.

அப்பறம் நடந்தத நான் எப்படிச் சொல்லுவேன்! புள்ளைங்க அறுவதும் வந்துருச்சு. "நான் காட்டுறேன், நான் காட்டுறேன்"னு ஆளுக்கு ஒரு உருண்டை. சப்-இன்ஸ்பெக்டரு, பெரிய மீசை, "தள்ளுங்க தள்ளுங்க"ன்னு லத்திய நீட்டுனாரு. லத்தி ஒட்டிக்கிச்சு. இழுக்குறாரு, கூடவே வருது! "வெடுக்குன்னு இழுங்க சார், அப்பதான் அறுவும்"னு ஒரு வாண்டு பாடம் எடுக்குது. அவரு வெடுக்குன்னு இழுத்தாரு, அறுந்துச்சு, "அட!"ன்னாரு. திரும்ப ஒட்ட வச்சு இன்னொரு தடவ இழுத்தாரும்மா, என் கண்ணால பாத்தேன். டயபர் கூழு மதகுல அடைச்சு நின்னுச்சு பாருங்க, அதுல உப்ப அள்ளிப் போடுன்னுச்சு டீச்சர். போட்டோம். அப்படியே இத்துப்போயி தண்ணியா ஓடிருச்சு! நின்ன பஸ்ஸுல இருந்தவங்க கைதட்டுறாங்க. மறியலுக்கு வந்த கூட்டம் திருவிழாக் கூட்டமாப்போச்சு.

தாசில்தாருக்கு ரொம்ப சந்தோஷம். "அப்ப கசிவு இல்ல, மறியலுக்குக் காரணமும் இல்ல. எல்லாரும் கலைஞ்சு போங்க"ன்னுட்டு ஜீப்புல கால வச்சாரு. மருதையன் அண்ணன் தல தொங்கிப்போச்சு. அவரு அப்படித் தல குனிஞ்சு நான் பாத்ததே இல்ல. ஊரே எதையோ தொலச்ச மாதிரி நிக்குது.

"ஒரு நிமிஷம் சார்"னுச்சு டீச்சர். கை பூரா கரி, பசை. "நாங்க தெரியாமப் பண்ணுன தப்பு ஒரே ஒரு வாளி சார். அதுக்கே மதகு அடைச்சு, நாலு வயலுக்குத் தண்ணி போவல. ஒரு வாளி. நெஜமாவே ஒரு நாளு குழா ஒடைஞ்சா எத்தன வாளி வரும்? அத யாரு உப்பு போட்டு எடுப்பா? அதத்தான் இவங்க ரெண்டு மனுவுல கேட்டிருக்காங்க. பதில் சொல்ல ஒரு கூட்டம் போடுங்க சார்"னுச்சு. கேமரா ஓடிக்கிட்டு இருக்கு. தாசில்தார் ஜீப்புல வச்ச கால கீழ எறக்குனாரு. அங்கயே, அந்த ஜீப்பு மேலயே வச்சுத் தேதி எழுதிக் குடுத்தாரும்மா! ஒரு சத்தம் போட்டோம் பாருங்க, கொக்கெல்லாம் பறந்துருச்சு.

கூட்டம் நடந்துச்சு. கம்பெனிக்காரன் வந்தான், ஊரே மாத்தி மாத்திக் கேட்டதுல வழிய மாத்திக்கிட்டான். இப்ப குழா ரோட்டோரமாப் போவுதாம். பதினோரு கல்லையும் அவனே வந்து புடுங்கிட்டுப் போனான். எங்க கல்லு இருந்த எடத்துல எங்க ஊட்டுக்காரரு நாலு நாத்து நட்டாரு.

எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுச்சுன்னு நெனச்சா, போன வாரம் டீச்சருக்கு மெமோ! நீர்நிலையில கழிவக் கொட்டி, பொது அமைதிக்கு... என்னமோ நீளமா எழுதியிருந்துச்சு. கொட்டுனது யாருன்னு கேட்டதுக்கு, "பொறுப்பு என்னுது"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சு அந்தப் பைத்தியம். முத்துப்பேட்டைக்கு அந்தாண்ட மாத்திட்டாங்க. திங்கக்கெழம போவணும். புள்ளைங்க ஒண்ணும் சரியாச் சாப்புடல, அண்டாவுல சோறு மிஞ்சுது. இருவத்திரெண்டு வருஷத்துல என் சோறு மிஞ்சுனதே இல்லம்மா.

அந்த அறிவுகெட்ட ஜென்மம் நான்தான். தெரிஞ்சிருக்கும் ஒங்களுக்கு. அரிசி களைய வாளி வேணும், யாரு ஒக்காந்து காய வைக்கிறதுன்னு ஒரே வீச்சு, வாய்க்கால்ல. அத்தன நாளா சொல்லல. வேலை போயிரும்னு பயம். இன்னைக்குக் காலையில ஒல வைக்கிறேன், கை ஓடல. அடுப்ப உதவிக்கு இருக்கிற அம்சத்துகிட்ட ஒப்படைச்சுட்டு, வந்த பஸ்ஸுல ஏறிக் கல்வி ஆபீசுக்கு வந்துட்டேன். மூணு மணி நேரம் பெஞ்சு. உள்ள போயி, "அய்யா, கொட்டுனது நான், டீச்சர் கொட்டாதீங்கன்னு சொல்லிச்சு, என் வேலைய எடுத்துக்குங்க, அது அங்கயே இருக்கட்டும்"னு ஒரே மூச்சுல சொல்லிட்டு நின்னேன். ஆபீசரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னையப் பாக்குறாரு. "ஏம்மா, சத்துணவு எங்க டிபார்ட்மெண்டே இல்லியே. ஒங்க வேலைய எடுக்க எனக்கு அதிகாரமே கெடையாது"ங்கிறாரு! நான் இத்தன நாளு பயந்தது பூரா வேற ஆபீசுக்கும்மா! அப்ப ஆரம்பிச்ச சிரிப்புதான் இது. அவரும் சிரிச்சுட்டாரு. எழுதி வாங்கிக்கிட்டாரு. மாறுதல ரத்து பண்ணி லெட்டர் குடுத்துட்டாரு. இந்தா, பைக்குள்ள இருக்கு, ஹெட்மாஸ்டர்கிட்ட குடுக்கணும்.

ஆனா ஒண்ணு அவருகிட்டகூடச் சொல்லல. ஒங்ககிட்ட சொல்றேன், நீங்க யாரோ நான் யாரோ. அன்னைக்குக் காலையில "எண்ணெ! எண்ணெ!"ன்னு மொதல்ல கத்துனாங்கன்னேன்ல... அதுவும் நான்தாம்மா. தெரிஞ்சேதான் கத்துனேன். மதகுல அத பாத்ததும் மொதல்ல பக்குன்னுச்சு. அடுத்த நிமிஷம் எங்க வயலு நடுவுல அந்தச் செவப்புக் கல்லு கண்ணுல பட்டுச்சு. ரெண்டு மனுவுக்கு வராத தாசில்தாரு இதுக்காவது வருவாருன்னு தோணிருச்சு. வாயி தானாத் தொறந்துக்கிச்சு. வந்தாரா இல்லியா? வந்தாரு. ஆனா அடி வாங்குனது டீச்சரு. ஊரே அத ஏசுனப்ப நான் வாயத் தொறக்கல. அதத்தான் மென்னு முழுங்க முடியல...

ஏ கண்டக்டரு! கண்டக்டரு, இது எந்த ஊரு? அய்யய்யோ! எங்க ஸ்டாப்பு போயி ரெண்டு ஸ்டாப்பு ஆயிருச்சா? விசில் ஊதுங்க, ஊதுங்க! ஏம்மா, நீங்களாவது... ஒங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். பரவால்ல, நடந்துர்றேன். வாய்க்கா ஓரமாவே போனா ஸ்கூல் விடுறதுக்குள்ள போயிரலாம். லெட்டரக் குடுத்த கையோட டீச்சர்கிட்ட அதையும் சொல்லிப்புடணும். ஒங்ககிட்ட இழுத்த மாதிரி இழுக்காம, பட்டுன்னு. "டீச்சர், மொதல்ல கத்துனது நான்." இருங்க, எண்ணிப் பாக்குறேன்... டீச்சர், மொதல்ல, கத்துனது, நான். நாலே வார்த்தை! பாத்தீங்களாம்மா, நான்கூட சுருக்கமாப் பேசுவேன்!